பூஜை மரம்: ஆம் / இல்லை

மத்திய ரிட்ஜில் மார்ச் மாத வேலை.
மார்பு உயரத்தில் டேப்பைச் சுற்றி
நான் சுற்றளவு படிக்க
தரம்வீர் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதுவான்.
படிவத்தில் ஒன்பது கட்டங்கள்.
கடைசிக் கட்டம்: பூஜை மரம், ஆம் / இல்லை.

இனத்தின் பெயருக்கான கட்டத்தில்
ஒரே பெயரை எழுதி எழுதிக் கை சலித்து
மூன்றாம் நாளிலிருந்து
மேற்படி, மேற்படி, மேற்படி.

அதிகாரிக்கு அது விலாயத்தி கீகர்.
தரம்வீருக்கு வெறும் கீகர், முன்னால் ஒரு கெட்ட வார்த்தை.
எனக்குச் சீமைக்கருவேலம்.
கமுதிப் பக்கம் இதைச் சபிக்காமல்
யாரும் வற்றிய கிணற்றைப் பற்றிப் பேசியதில்லை.
இதை எரித்துக் கரியாக்காமல்
யாரும் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியதுமில்லை.

சீமை என்றால் என்ன, தரம்வீர் கேட்டான்.
விலாயத்து, என்றேன்.
இரண்டு மொழிகள்
கலந்து பேசிக்கொள்ளாமலே
ஒரே இனிஷியலைப் போட்டிருந்தன அதற்கு.

வெட்டிவிட்டு, பழைய ஆட்களைக் கூட்டிவருவார்கள்:
தௌ, ரோஞ்ஜ், புரசு.
நல்ல திட்டம். குறிப்பு எழுதிக் கொடுத்தவளே நான்தான்.
இதன் நிழலில் புல் முளைக்காது என்பது உண்மை.
இதன் நிழலில்தான் ராம்ரத்தி
பீடி பற்றவைத்து உட்கார்ந்திருப்பாள் என்பதும்.

சுவர் உடைந்த இடத்தின் வழியாக வருவாள்,
இன்னும் மூன்று பெண்களோடு, ஆளுக்கொரு அரிவாள்.
காய்ந்தது மட்டும்தான் ஐயா, என்பாள் கார்டிடம்.
பச்சையை உள்ளே வைத்துக்
காய்ந்ததை வெளியே சுற்றிக் கட்டத் தெரியும் அவளுக்கு.
கார்டுக்கும் அது தெரியும்.

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாவது மரம்.
கழுத்தில் சிவப்பு நூல், ஏழு சுற்று.
அடியில் ஒரு செங்கல், அதில் காய்ந்த குங்குமம்.
தரம்வீர் தூரிகையை வைத்துவிட்டுச்
செருப்பைக் கழற்றினான்.
முள்ளுக்காட்டில் செருப்பைக் கழற்றி நிற்பவனிடம்
என்ன வாதம் செய்வது.
ஆம், என்று எழுதினேன்.

இதை வெட்டமாட்டீர்களா?
ராம்ரத்திதான், புகைக்குப் பின்னாலிருந்து.
இந்தக் கட்டத்தில் ஆம் என்றிருந்தால்
தனிப் பட்டியலுக்குப் போகும், என்றேன்.
அவ்வளவுதான் நான் சொன்னது.

மறுநாள் நாற்பத்தொரு மரங்களில் நூல்.
மொத்தக் கடையில் கிலோக்கணக்கில் வாங்கியிருக்க வேண்டும்.
செங்கலுக்குத்தான் தட்டுப்பாடு:
சில சாமிகள் டைல்ஸ் துண்டில்,
ஒன்று மெட்ரோ வேலைக் கான்கிரீட் சில்லில்,
ஒன்று உடைந்த வாஷ்பேசினின் விளிம்பில்.
பொட்டு மட்டும் எல்லாவற்றிலும் ஒரே சிவப்பு.
குனிந்து நகத்தால் சுரண்டினேன்.
எங்கள் பெயிண்ட்.

தரம்வீர் டப்பாவைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான்.
பாதி இல்லை.
என்னைப் பார்த்தான்.
நான் மும்முரமாக ஒரு நரியின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கழற்றுவதா வேண்டாமா என்று
ஒரு செருப்பை மட்டும் கழற்றி
நொண்டியபடி நின்றான் அவன்.

அதிகாரி போனில் கேட்டார்:
இதெல்லாம் உண்மையான பூஜையா, போலியா?
அதற்கொரு கட்டம் இருந்திருந்தால்
நிரப்பியிருப்பேன் சார்.

சாயங்காலம் திரும்புகையில்
அந்த முதல் மரத்தடியில் ராம்ரத்தி, தனியாக.
பீடி இல்லை. விறகுக்கட்டு தரையில்.
நெற்றியைப் பட்டையில் பதித்து
நெடுநேரம் நின்றாள்,
ஏதோ திட்டுகிறவள்போல உதடு அசைய.
யாருமில்லை என்று நினைத்தா,
நான் இருப்பது தெரிந்தா.
ஒரு மயில் கத்தியது. பிறகு
லாரி ஹாரன்கள், கருணையில்லாமல்.

கரோல் பாகில் மூன்றாம் மாடி அறை.
குதிகால் முள்ளை ஊசியால் கிண்டிக்கொண்டே
நாற்பத்தொரு கட்டங்களையும் நிரப்பி முடித்தேன்,
பென்சிலில்.
எத்தனைக்கு ஆம் என்று
தரம்வீரிடம்கூடச் சொல்லவில்லை.

முள் பாதிதான் வந்தது.